பட்டத்தைத் திருப்பிக் கொடுத்த நீதிபதி

(சிவில் பிரிவு, 2010–14 அணி)

மலர்க் குழுவினர் போன் செய்து, இந்த முறை நீங்களும் ஒரு கட்டுரை தந்தே ஆகணும், மறைந்த பெரியவர் யாரைப் பற்றியாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். விஸ்வேஸ்வரய்யாவை ஏற்கெனவே ஒருவர் எடுத்துக்கொண்டாராம். அப்துல் கலாமுக்கு இரண்டு பேர் போட்டி. சிவில் படித்த ஆள், பென்னிகுயிக்கையும் முல்லைப் பெரியாறு அணையையும் எழுதுவான் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நான் சொன்ன பெயரைக் கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் என்றேன். ஹிந்து பத்திரிகை ஆரம்பித்தவர்தானே என்றார் நண்பர். அவர் இல்லை சார், இவர் வேற.

இந்தக் குழப்பம் நம் நண்பருக்கு மட்டும் வருவதில்லை. ஒரே காலத்தில், ஒரே சென்னையில், ஒரே அரசியல் வட்டத்தில் இரண்டு சுப்பிரமணிய ஐயர்கள் இருந்தார்கள். ஹிந்துவையும் சுதேசமித்திரனையும் தொடங்கியவர் திருவையாற்றுக்காரர் ஜி. சுப்பிரமணிய ஐயர். நான் எழுதப்போவது மதுரைக்காரர் எஸ். சுப்பிரமணிய ஐயரைப் பற்றி. ஜனங்கள் இவரை மணி ஐயர் என்றே அழைத்தார்கள். சென்னை சட்டசபையில் உட்கார்ந்தவர், பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர், பல்கலைக்கழகத் துணைவேந்தர், கடைசியில் வெள்ளைக்கார அரசாங்கம் கொடுத்த சர் பட்டத்தையே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர். சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் வளாகத்தில் இவருக்குச் சிலை இருக்கிறது. கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது யார் என்று தெரியும் என்பது சந்தேகம்தான்.

மதுரையில் ஒரு எழுத்தர்

1842ஆம் வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி மதுரையில் பிறந்தார். தகப்பனார் சுப்பையர், ராமநாதபுரம் ஜமீனுக்கு வழக்கு விவகாரங்களைப் பார்த்தவர். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்போதே தகப்பனார் காலமாகிவிட்டார். தாயாரும் மூத்த அண்ணனும்தான் வளர்த்தார்கள். முதலில் மிஷன் பள்ளிக்கூடம், பிறகு மதுரை ஜில்லா பள்ளிக்கூடம். நன்றாகப் படிக்கிற பையன். ஆனால் மேலே படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. அதனால் பதினேழு வயதுவாக்கில் எழுத்தர் உத்தியோகத்துக்குப் போய்விட்டார்.

நம்மில் பல பேர் டிப்ளமா முடித்து, வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியிலும் பகுதி நேரத்திலும் பி.இ., ஏ.எம்.ஐ.இ. என்று முடித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். மணி ஐயர் உத்தியோகத்தில் இருந்துகொண்டே சட்டப் புத்தகங்களைத் தானாகப் படித்தார். வக்கீல் பரீட்சையில் நல்ல முறையில் தேறினார். ஆனாலும் தொழில் நடத்த உரிமம் உடனே கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்தது. அரசுத் தரப்பில் வழக்கு நடத்த ஆள் தேவைப்பட்டது. மதுரையில் அந்த வேலை இவருக்குக் கிடைத்தது. அதோடு அவர் நிற்கவில்லை. 1865இல் மெட்ரிகுலேஷன், 1866இல் எப்.ஏ., 1868இல் பி.எல். என்று வரிசையாக முடித்தார். மெட்ரிகுலேஷன் எழுதும்போதே அவருக்கு இருபத்து மூன்று வயது கிட்டத்தட்ட. சின்னப் பையன்களோடு போய் உட்கார்ந்து எழுத அவர் கூச்சப்படவில்லை.

1869இல் மதுரையில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார். பதினைந்து வருஷம் அங்கேதான். தென் ஜில்லாக்களின் ஜமீன் வழக்குகள், சொத்து வழக்குகள் என்று பெரிய பெரிய கட்டுகள் இவரிடம் வந்தன. நகராட்சியில் உறுப்பினராக இருந்தார். மீனாட்சி அம்மன் கோயில் தேவஸ்தானக் கமிட்டியிலும் இருந்து கோயில் காரியங்களைக் கவனித்தார். கோயில் சொத்து எப்படிக் கைமாறுகிறது, கணக்கு எங்கே காணாமல் போகிறது என்பதையெல்லாம் இங்கே பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். இது பின்னால் அவருக்கு உதவியது.

1884இல் மனைவி இறந்துபோனார். மதுரையை விட்டு அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அப்போது மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் ரயில் பாதை திருச்சி, தஞ்சாவூர், மாயவரம், கடலூர் என்று சுற்றி வந்து நம் விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் தாண்டித்தான் சென்னைக்குப் போனது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை வந்ததெல்லாம் ரொம்பப் பிற்பாடு. ஆகவே தெற்கத்திப் பெரிய மனுஷர்கள் எல்லோருமே நம் ஜங்ஷனைத் தொட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

அந்தக் காலத்துச் சட்டசபை

1884இல் அவர் சென்னை சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். சட்டசபை என்றதும் தேர்தல், ஓட்டு, எதிர்க்கட்சி, வெளிநடப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 1861ஆம் வருஷச் சட்டத்தின்படி அமைந்த சபை அது. கவர்னரும் அவருடைய ஆலோசகர்களும், அட்வகேட் ஜெனரலும், கூடுதலாக நாலிலிருந்து எட்டுப் பேரும், அவ்வளவுதான் சபை. அந்தக் கூடுதல் ஆட்களிலும் பாதிப் பேராவது உத்தியோகஸ்தர் அல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. எல்லோரையும் கவர்னரே நியமிப்பார். மசோதாவைப் பற்றிப் பேசலாம். நிர்வாகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க முடியாது, வரவு செலவைப் பற்றி வாய் திறக்க முடியாது. அந்த உரிமைகளே 1892இல்தான் வந்தன, அதுவும் கட்டுப்பாடுகளோடு.

அப்படிப்பட்ட சபையில் உட்கார்ந்த ஒருவர், சும்மா தலையாட்டிவிட்டு மரியாதையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். மணி ஐயர் சபைக்கு வெளியிலும் வேலை செய்தார். 1884 டிசம்பரில் அடையாறில் தியசாபிகல் சொசைட்டி மாநாடு முடிந்த பிறகு, சென்னையில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் பதினேழு பேர் கூடினார்கள். இந்தியா முழுவதற்குமாக ஓர் அரசியல் அமைப்பு வேண்டும் என்று பேசினார்கள். அந்தப் பதினேழு பேரில் இவரும் ஒருவர். அடுத்த வருஷம் 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸின் முதல் கூட்டம் நடந்தது. அதில் கலந்துகொண்ட 72 பிரதிநிதிகளிலும் இவர் இருந்தார். அரசாங்கம் நியமித்த உறுப்பினர் ஒருவர், அரசாங்கத்திடம் உரிமை கேட்கிற சபையிலும் போய் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் இரண்டும் ஒன்றாக நடக்க முடிந்தது. முப்பது வருஷம் கழித்து முடியாமல் போயிற்று.

சிவப்புக் கட்டடத்தில்

1888இல் அரசு வக்கீல் ஆனார். 1891இல் தற்காலிகமாக உயர் நீதிமன்ற நீதிபதி. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயர் 1895 ஜனவரியில் மறைந்தபோது, அந்த இடத்துக்கு இவர் நிரந்தர நீதிபதியாக வந்தார். 1907இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான். 1899, 1903, 1906 ஆகிய வருஷங்களில் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1900இல் சர் பட்டம். 1904இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர்.

அவர் நீதிபதியாக இருந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1892இல்தான் திறக்கப்பட்டது. சிவில்காரன் என்பதால் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். கட்டியவர் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். மேல் கோபுரத்தின் உச்சியில் 1894இலிருந்து பல பத்து வருஷம் கப்பல்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கு எரிந்தது. கீழே வழக்கு, மேலே விளக்கு. இப்படி ஒரு கட்டடம் வேறு எங்கே இருக்கிறது!

நம் விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் அப்போது தென்னாற்காடு ஜில்லா. தனி மாவட்டம் ஆனது 1993இல். ஜில்லா தலைமையிடம் கடலூர். கடலூர் ஜில்லா கோர்ட்டில் தோற்றவர்கள் அப்பீலுக்கு ரயிலேறி அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குத்தான் போனார்கள்.

குடியானவனுடைய நிலம் யாருடையது

மணி ஐயரின் தீர்ப்புகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் இவரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

1897இல் வந்த தீர்ப்பு. வெங்கடநரசிம்ம நாயுடு எதிர் தண்டமூடி கோட்டையா என்ற வழக்கு. தெலுங்குப் பகுதி ஜமீன் நிலம். ஜமீன் நிலத்தில் உழுகிற குடியானவனை ஜமீன்தார் நினைத்தபோது வெளியேற்றலாமா என்பது கேள்வி. இங்கிலாந்துச் சட்டம் படித்தவர்களுக்கு இதில் சிக்கலே இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர் நிலப்பிரபு, உழுகிறவன் வாடகைக்கு இருப்பவன், வருஷம் முடிந்தால் போகச் சொல்லலாம். வீட்டு வாடகை மாதிரிதான்.

மணி ஐயர் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம் ஊர் வழக்கத்தைப் பார்த்தார். இங்கே விளைச்சலில் இரண்டு வாரம் உண்டு. மேல்வாரம், குடிவாரம். மேல்வாரம் அரசனுக்குச் சேர வேண்டிய பங்கு. குடிவாரம் உழுகிறவனுடையது. அந்தக் குடிவார உரிமையை அரசன் கொடுக்கவும் இல்லை, ஜமீன்தார் கொடுக்கவும் இல்லை. காட்டைத் திருத்தி, கிணறு வெட்டி, தலைமுறை தலைமுறையாக உழுததால் வந்தது. 1802இல் கம்பெனி அரசாங்கம் நிரந்தர ஒப்பந்தம் செய்து ஜமீன்தார்களுக்குக் கொடுத்தபோது, தன்னிடம் இருந்த மேல்வாரத்தைத்தான் கொடுக்க முடிந்தது. தன்னிடம் இல்லாததை எப்படிக் கொடுக்கும்? ஆகவே வரியை ஒழுங்காகக் கட்டுகிற வரை குடியானவனுக்கு அந்த நிலத்தில் இருக்கும் உரிமை உண்டு, அப்படி இல்லை என்று சொல்கிற ஜமீன்தார்தான் அதை நிரூபிக்க வேண்டும். தீர்ப்பின் சாரம் இதுதான்.

ஜமீன் வழக்குகளில் வாதாடிப் பேர் வாங்கிய வக்கீல் எழுதிய தீர்ப்பு இது என்பதை நினைத்துப் பாருங்கள். ராமநாதபுரம் ஜமீனின் உப்பைத் தின்ற குடும்பத்துப் பிள்ளை எழுதியது. பதினோரு வருஷம் கழித்து 1908இல் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் வந்தது. ஜமீன் ரயத்துகளுக்கு நிரந்தரமாக நிலத்தில் இருக்கும் உரிமையை அது சட்டமாகவே எழுதி வைத்தது. தீர்ப்பு போட்ட பாதையில்தான் சட்டம் நடந்தது.

பிற்பாடு இந்தக் கதை நம் ஊருக்கே வந்து சேருகிறது. திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1947இலிருந்து 1949வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். அவர் ஆட்சியில்தான் 1948ஆம் வருஷ ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நடுவில் இருந்த ஜமீன்தார் விலக, நிலம் ரயத்துவாரிக்கு மாறியது. 1897இல் மதுரைக்காரர் ஒருவர் கோர்ட்டில் வைத்த செங்கல், 1908இல் சட்டசபை வைத்த செங்கல், 1948இல் ஓமந்தூரார் போட்ட தளம். ஐம்பது வருஷத்து வேலை. நம் பஸ்கள் தினமும் தாண்டிப் போகிற ஊர்க்காரர் அந்த வேலையின் கடைசிக் கட்டத்தில் நின்றார் என்பது நமக்குப் பெருமைதானே.

ஓய்வு எடுக்காத ஓய்வு

1907இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு அறுபத்தைந்து வயது. பட்டம் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, ஊரெல்லாம் மரியாதை இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கலாம். தியசாபிகல் சொசைட்டியில் பல வருஷமாக இருந்தவர், அதன் துணைத் தலைவரானார். 1908இல் தர்ம ரக்ஷண சபையை அமைத்து, கோயில் அறக்கட்டளைகளின் பணத்தையும் நிலத்தையும் விழுங்குகிறவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கும் வேலையைத் தொடங்கினார். கோயில் சொத்துக்கு அரசாங்கக் கண்காணிப்பு 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில்தான் சட்டமானது. அதற்கு முன்பே கணக்குக் கேட்டவர்களில் இவரும் ஒருவர்.

1914 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது வரவேற்புக் குழுத் தலைவர் இவர். 1916 செப்டம்பரில் அன்னி பெசன்ட் அம்மையார் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கியபோது கௌரவத் தலைவர் இவர்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹோம் ரூலைத் தமிழ்நாட்டில் எல்லோரும் ஏற்கவில்லை. 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதாவது பின்னாளைய நீதிக்கட்சி உருவானது. டாக்டர் டி.எம். நாயர், பிட்டி தியாகராயர் போன்றவர்கள், படிப்பும் உத்தியோகமும் ஒரே சாதியார் கையில் குவிந்திருக்கும்போது வெள்ளைக்காரன் விட்டுப் போகிற அதிகாரம் யார் கைக்குப் போகும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் மாதிரி ஊர்களில் முதல் தலைமுறையாகக் காலேஜ் வாசலை மிதித்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். மணி ஐயரைப் போற்றுகிறவர்கள் அந்தக் கேள்வியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே போற்ற வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கப்பலில் போன கடிதம்

1917 ஜூன் மாதம். உலக யுத்தம் மூன்றாவது வருஷத்தைத் தாண்டப்போகிறது. கவர்னர் பென்ட்லண்ட் பிரபு, அன்னி பெசன்டையும் அருண்டேலையும் வாடியாவையும் வீட்டுக்காவலில் வைத்தார். விசாரணை கிடையாது, கோர்ட்டு கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தவர் மணி ஐயர். குற்றம் என்ன என்று சொல்லாமல் ஒருவரை அடைத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

அதே வருஷம் ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியிருந்தது. ஜனநாயகத்தைக் காப்பாற்றத்தான் வருகிறோம் என்று ஜனாதிபதி வில்சன் உலகத்துக்கு அறிவித்திருந்தார். அதற்கு முந்தின வருஷம், 1916 ஆகஸ்டில், பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு நிலையான ஆட்சி அமைந்ததும் சுதந்திரம் தருவோம் என்று வாக்களிக்கும் ஜோன்ஸ் சட்டத்திலும் அவர்தான் கையெழுத்திட்டிருந்தார். இந்தியாவுக்காக ஒரு வார்த்தை கேட்கத் தகுந்த ஆள் என்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

ஜூன் 24ஆம் தேதி மணி ஐயர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். ஓர் அந்நிய அரசு எங்களை எங்கள் சம்மதம் இல்லாமல் ஆள்கிறது, உரிமை கேட்டவர்களை விசாரணை இல்லாமல் அடைக்கிறது, சுயாட்சி தருவதாக உடனே வாக்களிக்கச் செய்தால் இந்தியா உங்கள் பக்கம் படை படையாக வரும் என்பது அதன் உள்ளடக்கம். தபாலில் போட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்ளும். அதனால் அமெரிக்கா திரும்பிய தியசாபிகல் நண்பர்கள், ஹாச்னர் தம்பதியர், கையோடு எடுத்துப் போனார்கள். கீழே கையெழுத்துப் போட்டவர் தன் பட்டங்களையும் பழைய பதவியையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். ஒளிந்துகொள்கிற எண்ணமே இல்லை.

கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று மாதத்தில் ஐம்பது லட்சம் பேர், அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் ஐம்பது லட்சம் பேர் போர்முனைக்கு வருவார்கள் என்று. எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு சுமார் 55,000 பேரைச் சேர்க்க வேண்டும். உடுப்பு, துப்பாக்கி, கப்பல் யார் கொடுப்பது? யுத்தம் முழுவதிலும் சேர்த்தே இந்தியாவிலிருந்து போனவர்கள் சுமார் 13 லட்சம்தான். ஆக அந்த எண் நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் கடிதத்தின் பாரத்தைத் தாங்குகிற தூண் அந்த எண் இல்லை. விசாரணை இல்லாமல் அடைக்காதே, சம்மதம் இல்லாமல் ஆளாதே என்பதுதான் தூண். அது இன்றைக்கும் விரிசல் விடவில்லை.

கடிதம் அமெரிக்காவில் அச்சாகிப் பரவியது. லண்டன் வரைக்கும் சத்தம் கேட்டது. பெசன்ட் அம்மையார் 1917 செப்டம்பரில் விடுதலையானார். அதற்கு முன்பே ஆகஸ்ட் 20ஆம் தேதி, இந்தியாவில் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவதே நோக்கம் என்று இந்திய மந்திரி மாண்டேகு அறிவித்துவிட்டார். இதெல்லாம் கடிதத்தால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியும் யுத்த நெருக்கடியும் சேர்ந்து செய்த வேலை அது.

கொடுத்த விலை

அந்த டிசம்பரில் மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்போர்டும் சென்னைக்கு வந்தார்கள். சீர்திருத்தம் பற்றிப் பேச மணி ஐயரும் போனார். பேச்சு ஆரம்பித்ததே கடிதத்தைப் பற்றிய கண்டனத்தில்தான். எழுபத்தைந்து வயதுப் பெரியவர், ஓய்வு பெற்ற நீதிபதி, அவருடைய வயதில் பாதியை ஒட்டிய மந்திரியின் முன்னால் அந்தக் கண்டிப்பைக் கேட்டுக்கொண்டு வந்தார். 1918இல் லண்டன் பாராளுமன்றத்தில் கேள்வி வந்தபோது மாண்டேகு இன்னும் கடுமையான வார்த்தைகளில் பகிரங்கமாகவே கண்டித்தார்.

மணி ஐயருக்கு மூன்று வழி இருந்தது. மன்னிப்பு எழுதிக் கொடுக்கலாம். வயதாகிவிட்டது, விடுங்கள் என்று பேசாமல் இருக்கலாம். அவர் மூன்றாவதைச் செய்தார். எழுதியது சரி என்று நின்றார். சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்துவிட்டதாக அரசாங்கத்துக்கு எழுதினார். இனிமேல் வெறும் சுப்பிரமணிய ஐயர்.

இது 1918இல். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது 1919 ஏப்ரலில். தாகூர் சர் பட்டத்தைத் துறந்தது அதற்குப் பிறகு மே மாதக் கடைசியில். காந்தி பட்டங்களைத் துறக்கச் சொன்னது 1920இல். பட்டத்தை விடுவது ஊர் வழக்கமாக ஆவதற்கு முன்பே, கூட யாரும் இல்லாதபோது, இந்தக் கிழவர் விட்டார். 1924 டிசம்பர் 5ஆம் தேதி, எண்பத்திரண்டு வயதில் காலமானார்.

சட்டம் இயற்றும் சபையில் இருந்து நீதிபதி ஆனவர்கள் நம் தேசத்தில் பின்னாலும் உண்டு. வி.ஆர். கிருஷ்ணய்யர் 1952இல் சென்னை சட்டமன்றத்தில் இருந்தார், 1957இல் கேரளத்தில் மந்திரி, 1968இல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1973இல் உச்ச நீதிமன்றம். கே.எஸ். ஹெக்டே ராஜ்ய சபையிலிருந்து நீதிபதியாகி, பிறகு லோக் சபை சபாநாயகராகவும் ஆனார். அரசியல்வாதி நீதிபதியானால் நடுநிலை இருக்குமா என்று டீக்கடையில் பேசுவோம். கேட்க வேண்டிய கேள்விதான். மணி ஐயரைப் பார்த்தால் எனக்குத் தோன்றும் பதில் இது: முன்னால் எந்த நாற்காலியில் இருந்தார் என்பதைவிட, யாருடைய உப்பைத் தின்றாரோ அவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுத முடிந்ததா என்று பார்க்க வேண்டும். ஜமீன் விஷயத்தில் அவரால் முடிந்தது. தனக்குப் பட்டம் கொடுத்த சர்க்கார் விஷயத்திலும் முடிந்தது.

நமக்கும் ஒரு கையெழுத்து

ஒரு எஞ்சினியருக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். நாம் எல்லோருமே கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிறவர்கள். அளவுப் புத்தகத்தில், சோதனை அறிக்கையில், வரைபடத்தின் மூலையில்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கட்டட வேலையில் தரக் கட்டுப்பாடு என் பொறுப்பு. எம்-25 காங்கிரீட். 28ஆம் நாள் க்யூப் உடைத்தால் 25 நியூட்டனாவது வந்தாக வேண்டும். மூன்று க்யூபும் 18-ஐத் தாண்டவில்லை. 26 என்று எழுதிக் கையெழுத்துப் போடுப்பா, அடுத்த தளத்துக்கு நேரமாச்சு என்றார்கள். வந்த எண்ணையே எழுதிக் கொடுத்தேன். மறு மாதம் அந்தத் தளத்தில் எனக்கு வேலை இல்லை. வீட்டுக் கடன் தவணை இருந்தது, குழந்தை பிறந்து நாலு மாதம். ஆறு வாரம் ரொம்பக் கஷ்டப்பட்டோம். அந்த வாரங்களில்தான் திண்டிவனம் கோர்ட்டில் தொழில் செய்யும் ஒரு மூத்த வக்கீல், எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர், எனக்கு மணி ஐயர் கதையைச் சொன்னார். ஆறுதல் என்று எதுவும் சொல்லவில்லை. ஒரு ஆள் இப்படி இருந்தார் தம்பி என்று மட்டும் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

நான் தியாகி இல்லை. எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. மணி ஐயரும் ஜெயிலுக்குப் போனவர் இல்லை. அவர் விட்டது இரண்டு பட்டம், நான் விட்டது இரண்டு மாதச் சம்பளம். ஆனால் இந்த மலரைப் படிக்கிற நம் ஜூனியர்களில் பலர் நாளைக்கு நெடுஞ்சாலையிலும், பொதுப்பணியிலும், மின்வாரியத்திலும், கம்பெனிகளிலும் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரப்போகிறார்கள். எண்ணை மாற்றிப் போடு என்று ஒரு நாள் யாராவது கேட்பார்கள். கேட்கிறவர் சம்பளம் கொடுப்பவராகவே இருப்பார். அன்றைக்கு அந்தத் தளத்தின் கீழே படுத்துத் தூங்கப்போகிற குடும்பம் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது சேப்பாக்கம் பக்கம் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, செனட் ஹவுஸ் வளாகத்தில் இருக்கும் அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. இவர் யாருப்பா என்று கேட்டால் சொல்வதற்கு இப்போது உங்களிடம் ஒரு கதை இருக்கிறது.